விசையில் மிச்சம், தூரத்தில் செலவு

கிணற்றடியில் ஏற்றம் இறைப்பதை நேரில் பார்த்தவர்கள் இன்று குறைவு. நடுவில் உறுதியான ஒரு கால். அதன் மேல் குறுக்காக நீண்ட மரம், துலா. துலாவின் ஒரு நுனியிலிருந்து மூங்கில் கழி இறங்கும்; கழியின் அடியில் சால் தொங்கும். துலாவின் மேல் ஓர் ஆள் நிற்பார். கிணற்றுப் பக்கமாக நாலைந்து எட்டு வைத்தால் சால் நீருக்குள் இறங்கும். திரும்பி மறுபக்கம் நடந்தால் நிறைந்த சால் மேலே வரும். கீழே நிற்பவர் அதைப் பிடித்து வாய்க்காலில் சாய்ப்பார். துலாவில் நடந்தவரின் எடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவர் நின்ற இடம் மாறியது, அவ்வளவுதான். அதே உடம்பு ஓரிடத்தில் நிற்கும்போது நீருக்குத் தோற்றது. இன்னோரிடத்தில் நிற்கும்போது நீரை வென்றது.

நெம்புகோல் விதி முழுவதும் இந்த நடையில் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் அது ஒரே வரியில் முடிந்துவிடும்: பளுவை ஆதாரப் புள்ளியிலிருந்து அதன் தூரத்தால் பெருக்கினால் வருவதும், நாம் செலுத்தும் விசையை அதன் தூரத்தால் பெருக்கினால் வருவதும் சமம். மாணவர் மனப்பாடம் செய்கிறார், தேர்வில் எழுதுகிறார், மதிப்பெண்ணும் வாங்குகிறார். ஆனால் இறுகிப்போன ஒரு மூடியைத் திறக்க ஸ்பூனின் எந்த முனையைப் பிடிக்க வேண்டும் என்று கேட்டால் தயங்குகிறார்.

மாதிரி செய்ய வைத்தால் இந்தத் தயக்கம் தீரும் என்று எல்லோரும் சொல்கிறோம். எந்த மாதிரி என்பதுதான் கேள்வி. பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் தெர்மாகோல் கிரேன்களைப் பார்த்திருப்பீர்கள். அழகாக வண்ணம் பூசி, பெயர் எழுதி, பக்கத்தில் நிற்கும் மாணவி மூச்சுவிடாமல் விளக்கம் சொல்வாள். அந்தக் கிரேனால் ஒரு அழிரப்பரைக்கூடத் தூக்க முடியாது. அது கிரேனின் படம். முப்பரிமாணத்தில் வரைந்த படம். இந்த அத்தியாயத்தில் நாம் செய்யப்போகும் மாதிரிகள் பார்க்க அவ்வளவு லட்சணமாக இருக்காது. ஆனால் ஒவ்வொன்றும் பளு தூக்கும், ஒவ்வொன்றையும் அளக்க முடியும். எளிய இயந்திரம் பற்றிய பாடம் பிள்ளையின் கைக்குள் போவது அளக்கும்போதுதான்.

ஐந்து, பிறகு ஆறு

கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹீரோன், பளுவை நகர்த்தும் அடிப்படைக் கருவிகள் ஐந்து என்று பட்டியலிட்டார்: அச்சோடு கூடிய சக்கரம், நெம்புகோல், கப்பி, ஆப்பு, திருகு. அவருடைய இயந்திரவியல் நூல் அரபு மொழிபெயர்ப்பின் வழியாகவே முழுமையாக நமக்குக் கிடைத்திருக்கிறது. சாய்தளம் அவர் பட்டியலில் இல்லை. பின்னாளில் ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்தில்தான் ஆறாவதாகச் சேர்ந்தது. மண்மேடு போட்டுக் கல்லை ஏற்றியவர்களுக்கு அந்த மேடும் ஓர் இயந்திரம் என்று தோன்றாததில் வியப்பில்லை. அசையாமல் கிடக்கும் ஒன்றை இயந்திரம் என்று யார்தான் சொல்வார்கள்?

1600ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலிலியோ இந்த ஆறுக்கும் பொதுவான கணக்கைத் தெளிவாக எழுதினார். இயந்திரத்தைக் கொண்டு இயற்கையை ஏமாற்றலாம் என்று அதுவரை கைவினைஞர்கள் பலர் நம்பியிருந்தார்கள். அது நடக்காது என்றார் அவர். குறைந்த விசையால் பெரிய பளுவை நகர்த்தலாம். ஆனால் எத்தனை மடங்கு விசை மிச்சமோ, அத்தனை மடங்கு கூடுதல் தூரம் இழுத்தாக வேண்டும். விசையையும் தூரத்தையும் பெருக்கி வருவது வேலை. எந்த இயந்திரமும் வேலையைக் குறைத்துத் தராது. இனி நாம் செய்யும் ஒவ்வொரு மாதிரியிலும் இந்த வரவு செலவைப் பிள்ளைகளே எழுதிப் பார்க்கப்போகிறார்கள்.

முதலில் ஒரு தராசு

அளப்பதற்குக் கருவி வேண்டும். ஆய்வகத்தில் சுருள்வில் தராசு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ரப்பர் பேண்டு போதும். ஓர் அட்டையின் மேல்முனையில் ரப்பர் பேண்டை மாட்டி, அதன் கீழ்முனையில் ஜெம் கிளிப்பைக் கொக்கியாக வளைத்துத் தொங்கவிடுங்கள். கொக்கியில் ஒரு பிளாஸ்டிக் கப். வெறும் கப் தொங்கும்போது கொக்கி நிற்கும் இடத்தில் பூஜ்ஜியக் கோடு. பிறகு மருந்துக் கடையில் கிடைக்கும் 10 மி.லி. சிரிஞ்சால் ஐந்து முறை தண்ணீர் ஊற்றுங்கள். 50 மி.லி. தண்ணீரின் எடை 50 கிராம். அங்கே ஒரு கோடு. இப்படியே 100, 150 என்று போகலாம்.

கோடுகளுக்கு இடையிலுள்ள தூரம் ஒரே அளவாக இருக்காது. ரப்பர் சுருள்வில்லைப்போல ஒழுங்காக நீள்வதில்லை. அதனால் முதல் கோட்டை அளந்து மற்றவற்றைக் கணக்குப்போட்டு வரைய விடாதீர்கள்; ஒவ்வொரு கோட்டையும் தண்ணீர் ஊற்றியே போட வேண்டும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு திரும்பி வரும்போது கொக்கி பழைய கோடுகளுக்குச் சற்றுக் கீழேயே நிற்பதையும் கவனிக்கச் சொல்லுங்கள். ஒரு கருவியை எவ்வளவு நம்பலாம் என்ற அறிவு, அந்தக் கருவியைத் தானே செய்தவருக்குச் சீக்கிரம் வந்துவிடும்.

ஸ்கேலும் ஜெம் கிளிப்பும்

30 செ.மீ. மர ஸ்கேலை எடுத்து, 15 செ.மீ. குறியில் மேல் விளிம்பை ஒட்டி ஒரு சிறு துளை போடுங்கள். துளையில் நூலைக் கோத்துத் தொங்கவிட்டால் தண்டு தயார். துளை ஏன் நட்டநடுவில் இல்லாமல் மேலே இருக்கிறது? மாணவர்கள் மூன்று ஸ்கேல்களில் மூன்று விதமாகத் துளையிட்டு ஓர் ஆணியில் மாட்டிப் பார்க்கட்டும். மேலே துளையிட்ட ஸ்கேல், சாய்த்து விட்டால் ஆடி ஆடி மட்டத்துக்கு வந்துவிடும். நடுவில் துளையிட்டது, விட்ட சாய்விலேயே நிற்கும். கீழே துளையிட்டது குப்புறக் கவிழும். தராசுத் தண்டு செய்பவர்களுக்குத் தெரிந்த இந்தச் சூட்சுமம், எடைமையம் என்ற பாடத்துக்கு முன்கூட்டியே வழி போட்டுவிடுகிறது.

இனி இடப்பக்கம், நடுவிலிருந்து 6 செ.மீ. தள்ளி ஒரு நூல் சுருக்கைப் போட்டு 4 ஜெம் கிளிப்புகளைத் தொங்கவிடுங்கள். வலப்பக்கம் தொங்கவிட 2 கிளிப்புகள் மட்டும் தாருங்கள். எங்கே தொங்கவிட்டால் தண்டு மட்டமாகும்? தொங்கவிடும் முன் ஒவ்வொருவரும் தங்கள் ஊகத்தை நோட்டில் எழுத வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். எழுதிய ஊகம் தவறினால்தான் காரணம் தேடத் தோன்றும். எழுதாமல் பார்த்தால் எல்லாமே முன்பே தெரிந்ததுபோல இருக்கும்.

2 கிளிப்புகள் 12 செ.மீ.யில் நிற்கும். அடுத்து 3 கிளிப்புகள் கொடுங்கள்: 8 செ.மீ. இந்த இடத்தில் வகுப்பில் சிலருக்கு விதி புலப்பட்டுவிடும். அப்போது ஒரே ஒரு கிளிப்பைக் கொடுங்கள். கணக்குப்படி 24 செ.மீ. வேண்டும், ஸ்கேலிலோ ஒரு பக்கத்துக்கு 15 செ.மீ.தான். “ஸ்கேல் பத்தாது மிஸ், இன்னும் நீளமா வேணும்” என்று ஒரு பிள்ளை சொன்னால் அன்றைய பாடம் முடிந்தது என்று கொள்ளலாம். கையில் இல்லாத ஸ்கேலுக்கும் அந்த விதி பொருந்தும் என்று அவளே கண்டுகொண்டாள்.

இத்தோடு நிறுத்திவிடுவது வழக்கம். நிறுத்தக் கூடாது, வரவை மட்டும் பார்த்திருக்கிறோம், செலவை இன்னும் பார்க்கவில்லை. ஒரு பக்கம் 4 செ.மீ.யில் 3 கிளிப்புகள், மறுபக்கம் 12 செ.மீ.யில் 1 கிளிப். தண்டின் பின்னால் சுவரில் ஒரு வரைபடத்தாள் ஒட்டுங்கள். ஒற்றைக் கிளிப்பை மெதுவாக 3 செ.மீ. கீழே இறக்கினால், மூன்று கிளிப்புகள் 1 செ.மீ.தான் மேலே ஏறும். மூன்றில் ஒரு பங்கு விசை, மூன்று மடங்கு தூரம். பெருக்கினால் இரண்டு பக்கமும் ஒன்றே.

ஏற்றத்தின் மாதிரியையும் இதே ஸ்கேலில் செய்யலாம். ஒரு முனையில் தீப்பெட்டித் தட்டில் மணல். மறுபக்கம் நூல் சுருக்கில் தொங்கும் ஒரு இரும்பு நட்டு. நட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கம் நகர்த்திக்கொண்டே போனால் ஓரிடத்தில் மணல் எழும்பும். துலாவில் ஒருவர் எதற்காக அப்படி நடந்தார் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

சாய்ந்த பலகை சொல்லும் உண்மை

90 செ.மீ. நீளப் பலகையின் ஒரு முனையைப் புத்தக அடுக்கின் மேல் 30 செ.மீ. உயரத்தில் வையுங்கள். சக்கரம் வைத்த ஒரு பொம்மை வண்டியில் மணல் மூட்டை ஏற்றி மொத்தம் 600 கிராம் ஆக்குங்கள். நேராகத் தூக்கினால் தராசு 600 காட்டும். பலகை வழியே இழுத்தால் மூன்று மடங்கு தூரம். ஆகவே மூன்றில் ஒரு பங்கு, அதாவது 200 கிராம் காட்ட வேண்டும்.

தராசு 200 காட்டாது. 230, 240, 250 என்று ஏதாவது காட்டும். பல வகுப்புகளில் இந்த இடத்தில் பாடம் கெட்டுப்போகிறது. “பரிசோதனைப் பிழை, 200 என்று எழுதிக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டால், பார்த்ததை விட்டுவிட்டுப் புத்தகத்தில் உள்ளதை எழுது என்று பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் ஆகிறோம். அறிவியலுக்கு இதைவிடக் கெடுதல் கிடையாது. 240 என்பது பிழை அல்ல. கூடுதலாக வந்த 40 கிராமுக்கு ஒரு பெயர் உண்டு: உராய்வு.

அந்த 40ஐ நேரடியாகவே அளக்கலாம். வண்டியைச் சீரான வேகத்தில் மேலே இழுக்கும்போது தராசு காட்டுவதைக் குறியுங்கள். பிறகு வண்டியை அதே சீரான வேகத்தில், தராசால் பிடித்துக்கொண்டே, கீழே இறக்குங்கள். இப்போது தராசு குறைவாகக் காட்டும். 160 என்று வைத்துக்கொள்வோம். ஏறும்போது உராய்வு நமக்கு எதிராக நின்றது. இறங்கும்போது வண்டியைப் பிடித்து நிறுத்தி நமக்கு உதவியது. 240, 160 இரண்டின் சராசரி 200. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி 40. புத்தகம் சொன்ன எண் கடைசியில் வந்தேவிட்டது. பார்த்ததை மறைக்காமல், பார்த்த இரண்டையும் எழுதியதால் வந்தது. இந்த அளவீட்டுக்கு மட்டும் சுருள்வில் தராசைப் பயன்படுத்துங்கள். ரப்பர் ஏறும்போது ஒரு கணக்கும் இறங்கும்போது இன்னொரு கணக்கும் காட்டும் என்பதை ஏற்கெனவே பார்த்தோம்.

சக்கரங்களைக் கழற்றிவிட்டு அதே வண்டியை இழுக்கச் சொல்லுங்கள். உப்புத்தாள் விரித்து இழுக்கச் சொல்லுங்கள். நேராகத் தூக்குவதில் எவ்வளவு மிச்சம் ஆயிற்று, எவ்வளவு உராய்வுக்குப் போயிற்று என்று அட்டவணை போடட்டும். வகுப்புக்கு வெளியே ஒரு வேலையும் கொடுக்கலாம். சக்கர நாற்காலிச் சரிவுகள் 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளத்துக்குக் குறையக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. 60 செ.மீ. உயர வராந்தாவுக்கு 7.2 மீட்டர் சரிவு வேண்டும். உங்கள் பள்ளியிலும் பக்கத்து வங்கியிலும் மருத்துவமனையிலும் உள்ள சரிவுகளை மாணவர்கள் அளந்து வரட்டும். ‘செங்குத்தாகக் கட்டிவிட்டார்கள்’ என்று சும்மா சொல்வதற்கும், எண்ணோடு சொல்வதற்கும் உள்ள வேறுபாடு அவர்களுக்குப் பிறகு மறக்காது.

இரண்டு குழாய், ஒரு கயிறு

கிணற்று ராட்டினம் விசையைக் குறைப்பதில்லை. கீழ்நோக்கி இழுக்க வழி செய்து, நம் உடம்பின் எடையை உதவிக்குச் சேர்க்கிறது. விசை குறைய வேண்டுமென்றால் கப்பி பளுவோடு சேர்ந்து நகர வேண்டும். அப்போது பளுவை இரண்டு கயிறுகள் தாங்கும். நமக்குப் பாதிதான் வரும். காலி நூல்கண்டுகளைச் சைக்கிள் ஸ்போக்கில் கோத்து இதைச் செய்யலாம். ஆனால் உடம்புக்குப் புரிய வைக்க வேறொரு வழி இருக்கிறது.

வழவழப்பான இரண்டு ஸ்டீல் குழாய்கள். வகுப்பின் பலசாலிகள் இருவர் ஆளுக்கொரு குழாயைப் பிடித்து, எதிரெதிரே ஒரு மீட்டர் இடைவெளியில் நிற்கட்டும். நைலான் கயிற்றின் ஒரு நுனியை முதல் குழாயில் கட்டி, இரண்டாவதைச் சுற்றி, திரும்ப முதலாவதைச் சுற்றி, இப்படி நான்கு இழைகள் ஓடும்படி செய்யுங்கள். மீதி நுனி வகுப்பிலேயே சிறிய பிள்ளையின் கையில். இருவரும் குழாய்களை விலக்கிப் பிடிக்க, அவள் இழுக்கிறாள். குழாய்கள் நெருங்கி வரும்.

சிரிப்பும் கைதட்டலும் அடங்கியதும் கேளுங்கள்: குழாய்கள் 10 செ.மீ. நெருங்க அவள் எவ்வளவு கயிறு இழுத்தாள்? கயிற்றில் ஒரு வண்ண நூலைக் கட்டி அளந்தால் 40 செ.மீ. வரும். நான்கு இழையும் பத்துப் பத்தாகச் சுருங்க வேண்டுமே! அப்படியானால் நாற்பது இழை சுற்றினால் ஒரு லாரியையே இழுக்கலாமா? சுற்றிப் பார்க்கட்டும். சில சுற்றுகளுக்குப் பிறகு கயிறு குழாயைக் கவ்விக்கொள்ளும், பலன் கூடாது. முகப்பவுடர் தூவினால் கொஞ்சம் விடும். நூல் கயிறும் மரக்கழியும் என்றால் தொடக்கத்திலேயே கவ்விக்கொள்ளும். கப்பியில் சக்கரம் எதற்குச் சுழல்கிறது என்பது இப்போது தெரிகிறது. கரையில் படகைக் கட்டுபவர் கயிற்றைத் தூணில் சில சுற்றுச் சுற்றி ஒற்றைக் கையால் பிடித்து நிற்பதும் இதே கவ்வலால்தான்.

உராய்வு நமக்காக உழைக்கும் இடம்

செங்கோண முக்கோணமாக வெட்டிய காகிதத்தைப் பென்சிலில் சுற்றினால், சாய்ந்த விளிம்பு மரை மரையாக ஏறும். திருகு என்பது சுற்றிவைத்த சாய்தளம். 10 மி.மீ. போல்ட் ஒன்றில் நட்டைச் சரியாகப் பத்து சுற்றுச் சுற்றி, அது நகர்ந்த தூரத்தை அளந்தால் பொதுவாக 15 மி.மீ. இருக்கும், ஒரு சுற்றுக்கு 1.5 மி.மீ. அதை 10 செ.மீ. நீளமுள்ள ஸ்பேனரால் திருகினால் ஒரு சுற்றுக்குக் கை போகும் தூரம் சுமார் 63 செ.மீ. ஏறக்குறைய 420 மடங்கு! ஆனால் அதில் பெரும்பகுதியை உராய்வு விழுங்கிவிடும்.

விழுங்கட்டும், அதுதான் நமக்கு வேண்டும். காரைத் தூக்கி நிறுத்தும் திருகு ஜாக்கியில் கையை எடுத்தாலும் கார் இறங்குவதில்லை; காரின் எடையால் மரை தானாகச் சுற்றாதபடி உராய்வு பிடித்துக்கொள்கிறது. இப்படித் தானே பூட்டிக்கொள்ளும் திருகின் பயனுறுதிறன் 50 சதவீதத்துக்குக் கீழேதான் இருக்க முடியும். செலுத்தும் வேலையில் பாதிக்கு மேல் வெப்பமாகப் போகிறது. பதிலுக்குச் சக்கரம் மாற்றுபவருக்குப் பாதுகாப்பு கிடைக்கிறது.

ஆப்பும் அப்படியே. தேரோட்டத்தில் சக்கரத்துக்கு முன்னால் முட்டுக்கட்டை போடுபவர்களைக் கவனித்தால், தேரின் எடையே கட்டையைத் தரையோடு அழுத்தி நிறுத்துவதைப் பார்க்கலாம். கட்டையை எந்தப் பக்கம், எந்தச் சாய்வில் வைப்பது என்பதைக் கொண்டே வீதித் திருப்பத்தில் தேரைத் திருப்புகிறார்கள். ஒரு பொம்மைத் தேரும், வெவ்வேறு சாய்வில் சீவிய மரத்துண்டுகளும் இருந்தால் எந்தச் சாய்வில் சக்கரம் நிற்கிறது, எந்தச் சாய்வில் ஏறிக் கடக்கிறது என்று வகுப்பிலேயே பார்த்துவிடலாம்.

மலிவாக இருப்பதன் பலன்

1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில், கிஷோர் பாரதி, ஃப்ரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரு அமைப்புகள் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு முயற்சியைத் தொடங்கின. கிராமத்துப் பிள்ளைகள் செய்து பார்த்தே அறிவியல் கற்க வேண்டும் என்பது நோக்கம். 1982இல் தொடங்கிய ஏகலவ்யா அமைப்பு அதை வளர்த்தது. 2002இல் மாநில அரசு நிறுத்தும்வரை 30 ஆண்டுகள் அது நடந்தது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, லாரி தயாரிக்கும் டெல்கோவில் வேலை பார்த்த அரவிந்த் குப்தா, 1978இல் விடுப்பெடுத்து அங்கே போனார். வாரச் சந்தையில் கிடைத்த சைக்கிள் வால்வு டியூபையும் தீக்குச்சியையும் சேர்த்து அவர் செய்த உருவங்கள் பின்னாளில் பல மொழிகளில் புத்தகங்களாகப் பரவின. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

வால்வு டியூபால் இணைத்த தீக்குச்சிச் சதுரம் அழுத்தினால் சாய்ந்துவிடும், முக்கோணம் சாயாது. பாலங்களிலும் கிரேன்களிலும் ஏன் இத்தனை முக்கோணங்கள் என்பதற்கு அதுவே விடை. பொருள் மலிவு என்பதால் பணம் மிச்சம், அது இருக்கட்டும். உடைந்தால் யாரும் திட்டமாட்டார்கள் என்பதே பெரிய பலன். பூட்டிய அலமாரியில் இருக்கும் விலையுயர்ந்த கருவியைப் பிள்ளை தொடப் பயப்படும். ஸ்கேலும் ஸ்போக்கும் அப்படியில்லை. வளைக்கலாம், உடைக்கலாம், மறுபடி செய்யலாம். மறுபடி செய்யும்போதுதான் முதலில் செய்ததில் குறை எங்கே என்று தெரியும்.

ஆசிரியர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். குழுவுக்கு நான்கு பேருக்கு மேல் வேண்டாம். ஐந்தாவது பிள்ளை வேடிக்கைதான் பார்க்கும். கத்தி, துளைக்கருவி வேலைகளைப் பெண் பிள்ளைகளுக்கும் சமமாகக் கொடுங்கள். அவர்கள் அலங்கரிக்கவும் எழுதவும் மட்டும் பிறந்தவர்கள் அல்ல. மதிப்பெண் போடும்போது மாதிரியின் அழகைப் பார்க்காமல் நோட்டைப் பாருங்கள்: ஊகம் என்ன, அளவு என்ன, இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை. மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுதிய பிள்ளைக்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.

கணக்கைத் திருப்பிப் போடும் வாகனம்

இதுவரை பார்த்த எல்லாவற்றிலும் விசையை மிச்சம் பிடித்தோம், தூரத்தைச் செலவழித்தோம். பள்ளிக்கூட வாசலில் வரிசையாக நிற்கும் சைக்கிளில் அதைத் திருப்பிப் பார்க்கலாம். மிதிகட்டையைத் தாங்கும் தண்டின் நீளத்தை அளந்து, ஒரு சுற்றுக்குப் பாதம் போகும் தூரத்தைக் கணக்கிடுங்கள். சுமார் ஒரு மீட்டர் வரும். பின்சக்கரத்தில் சாக்பீஸால் குறியிட்டு, மிதியை ஒரு சுற்று மட்டும் சுற்றி, வண்டி போன தூரத்தை டேப்பால் அளந்தால் சாதாரண சைக்கிளில் 5 மீட்டரை ஒட்டி வரும். முன் பல்சக்கரத்திலும் பின் பல்சக்கரத்திலும் பற்களை எண்ணி, முன்னதைப் பின்னதால் வகுத்துச் சக்கரச் சுற்றளவோடு பெருக்கிப் பார்த்தால் அதே தூரம் கிடைக்கும்.

ஒரு மீட்டர் மிதித்து ஐந்து மீட்டர் போகிறோம் என்றால், நாம் மிதிக்கும் விசையில் ஐந்தில் ஒரு பங்குதான் சக்கரத்தின் வழியே சாலைக்குப் போய்ச் சேர்கிறது. மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்குவது இதனால்தான். கியர் வைத்த சைக்கிளில் மேட்டுக்கு மட்டும் இந்தக் கணக்கை மாற்றிக்கொள்கிறார்கள். சமதரையில் நம் கால்களுக்கு வலு மிஞ்சுகிறது, வேகம் போதவில்லை. அதனால் வலுவைக் கொடுத்து வேகத்தை வாங்குகிறோம். கிணற்றிலும் மேட்டிலும் வலு போதவில்லை; தூரத்தைக் கொடுத்து வலுவை வாங்குகிறோம்.

எந்த இயந்திரத்தின் முன் நின்றாலும் ஒரு மாணவர் கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள்: இது எனக்கு எதைக் கொடுக்கிறது, எதை எடுத்துக்கொள்கிறது? இரண்டையும் அளந்து எழுதப் பழகியவருக்கு ஆறு இயந்திரங்களின் பெயரை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இலவசமாகச் சக்தி தருவதாக யாராவது ஒரு கருவியை விற்க வந்தால், அந்த மாணவர் ஒரு ஸ்கேலையும் தராசையும் எடுத்துக்கொண்டு போய் எதிரே உட்காருவார்.